களத்துமேடும் சேர்ந்ததுதான் பண்ணை வீடு

பாகூர், வில்லியனூர் பக்கமோ நெல்லிக்குப்பம், பண்ருட்டி பக்கமோ பழைய பண்ணை வீடு ஒன்று விலைக்கு வருகிறது என்று பேச்சு கிளம்பினால், முதலில் வந்து நிற்பவர் பழைய மர வியாபாரி. தலைவாசல் கதவு, நிலை, கூடத்துத் தூண், உத்திரம் எல்லாவற்றையும் டேப் பிடித்து அளந்து, கன அடிக் கணக்கில் ஒரு தொகை சொல்வார். அடுத்து வருபவர் நிலத்தரகர். அவருடைய கணக்கு குழி என்னும் நில அளவில். கட்டடம் அவருக்குச் செலவு. இடித்து அள்ள எவ்வளவு ஆகும் என்று கழித்துக்கொள்வார்.

இந்த இரண்டு கணக்கிலும் சேராதவை அந்த இடத்தில் நிறைய உண்டு. நெல் அடித்த களம், மாட்டுக்கொட்டகை, மாடு கட்டி நீர் இறைத்த கவலைக் கிணறு, வண்டிப் பாட்டை, நெல் சேமிக்கும் பத்தாயம் இருக்கும் அறை, கொல்லை வாசல். பாரம்பரியம் பற்றிப் பேசுகிறவர்களும் பெரும்பாலும் மர வியாபாரியின் பட்டியலையே வேறு குரலில் படிக்கிறார்கள்: தூண் அழகு, கதவு அழகு, முற்றம் அழகு. அழகுதான். ஆனால் தூணும் முற்றமும் டவுன் வீட்டிலும் உண்டு. புதுச்சேரி ரங்கப்பிள்ளை தெருவில் உள்ள ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையில் கீழ்த்தளம் தமிழ்ப் பாணி, மேல்தளம் பிரெஞ்சுப் பாணி, அருமையான கட்டடம். அது வணிகரின் வீடு, அங்கே நெல் அடிக்கவில்லை. பண்ணை வீட்டைப் பண்ணை வீடாக்கும் சமாச்சாரம் பின்கட்டுக்கு அப்பால் இருக்கிறது.

முன்வாசலிலிருந்து எருக்குழி வரை

இந்தப் பகுதியின் பண்ணை வீடுகள் அரண்மனை அளவில் இருக்காது. இன்றைய கடலூர், விழுப்புரம் பகுதியான பழைய தென்னார்க்காடு பெரும்பாலும் ரயத்துவாரி மாவட்டம். ஜமீன் இடைநிலை இல்லாமல் நிலத்துக்கு நிலம் தீர்வை கட்டிய மிராசுதாரர்களும் பெருவிவசாயிகளும் கட்டிய வீடுகள் இவை. தெருப்பக்கம் திண்ணை, தலைவாசல், நடை, நடுவில் முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், ஒரு பக்கம் கூடம், அறைகள், பின்னால் அடுப்படி, அதன் பின் இரண்டாங்கட்டு, பிறகு கொல்லை. வசதி கூடியபோது முன்பக்கத்தில் ஒரு மேல்தளம் எழும்பும். ஊரில் அதற்கு ‘மெத்தை வீடு’ என்று பெயர்.

கொல்லைக்குப் பிறகுதான் உண்மையான அமைப்பு தெரியும். கிணறு, தொழுவம், எருக்குழி, வைக்கோல் போர், களம் இவை ஒன்றுக்கொன்று ஏன் அந்தத் தூரத்தில் இருக்கின்றன என்பதற்கு ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. போர் தொழுவத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், தினமும் இரண்டு வேளை வைக்கோல் பிடுங்கிப் போட வேண்டியிருப்பதால். ஆனால் அடுப்படியிலிருந்து தள்ளி இருக்க வேண்டும், ஒரு பொறி போதும் என்பதால். களம் சுற்றுப்புறத்தைவிட ஒரு முழமாவது மேடாக இருக்கும், மழைத்தண்ணீர் நிற்கக் கூடாது. சம்பா அறுவடை தையில் வரும்போது பொலி தூற்றக் காற்று வேண்டும். அதனால் காற்று வரும் பக்கம் மரம் வைக்காமல் திறந்து விட்டிருப்பார்கள். களத்தின் ஓரத்தில் இன்றைக்கு அடர்ந்த தென்னையோ சுற்றுச்சுவரோ நின்றால், களம் வேலை செய்வது நின்ற பிறகு வந்தவை அவை என்று ஊகிக்கலாம்.

களத்தில்தான் பங்கும் பிரிந்தது. அடித்துக் குவித்த நெல் வீட்டுக்குள் போகும் முன்பே அறுத்தவர்களின் கூலி, தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், காவல்காரர், கோயில் என எல்லாருக்கும் அளந்து கொடுத்தார்கள். பழைய கணக்குகளில் இதற்கு ‘மேரை’ என்றும் ‘சுதந்திரம்’ என்றும் பெயர். அந்தச் சுதந்திரத்துக்கும் விடுதலைக்கும் சம்பந்தமில்லை. களத்தில் பெறும் உரிமைப் பங்கு என்பது பொருள். ஊரின் பொருளாதாரம் முழுவதும் ஒரு சாணம் மெழுகிய தரையில் மரக்காலால் அளந்து முடிவானது. அந்தத் தரையை டிராக்டர் நிறுத்தும் இடமாக்கிவிட்டு, முற்றத்துத் தூணுக்கு வார்னிஷ் அடித்துப் பாரம்பரியத்தைக் காப்பாற்றிவிட்டதாகச் சொல்வது பாதிக் கணக்கு.

கொல்லை வாசல் இன்னொரு சாட்சி. பண்ணையில் வேலை செய்தவர்கள் எந்த வழியாக வந்தார்கள், எதுவரை வந்தார்கள், கஞ்சி எங்கே ஊற்றினார்கள், எந்தக் கிணற்றில் யார் தண்ணீர் எடுக்கலாம் என்பதெல்லாம் வீட்டின் வரைபடத்திலேயே எழுதியிருக்கிறது. இதை மறைத்துவிட்டுப் பெருமையை மட்டும் எழுதும் பாரம்பரியக் குறிப்பு பாதி ஆவணம்தான். பண்ணையாட்களின் குடும்பங்கள் பெரும்பாலும் அதே ஊரில்தான் இருக்கின்றன. களத்தில் எந்தப் பாட்டு, எந்த அளவு, எவ்வளவு கூலி என்பது வீட்டுக்காரர்களைவிட அவர்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

காசு எங்கிருந்து வந்தது

ஒரு பண்ணையின் வரலாற்று மதிப்பை எடை போட, அந்த வீட்டைக் கட்டிய காசு எந்தப் பயிரிலிருந்து வந்தது என்று கேட்பதே நல்ல தொடக்கம். கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் பதில் நெல் என்று மட்டும் முடியாது.

19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காடு நீலச்சாயம் எடுக்கும் அவுரி விளைந்த மாவட்டம். புதுச்சேரியில் நெய்து நீலச்சாயம் ஏற்றிய ‘கினே’ துணி பிரெஞ்சுக் கப்பல்களில் செனகல் வரை போனது. அவுரியின் தடயம் சில தோட்டங்களில் இன்னும் உண்டு. பார்ப்பவர்கள் தண்ணீர்த் தொட்டி என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். அடையாளம் எளிது. தொட்டி ஒன்றாக இருக்காது, மேலொன்று கீழொன்றாக இரண்டு படிகளில் இருக்கும். மேல்தொட்டியில் அவுரித் தழையை ஒரு இரவு ஊறப்போட்டு, சாற்றைக் கீழ்த்தொட்டிக்குத் திறந்துவிட்டு, துடுப்பால் அடித்துக் கலக்குவார்கள். காற்றுப் பட்டதும் சாயம் நீலமாகி அடியில் படியும். ஆகவே மேல்தொட்டியின் அடிமட்டத்தில் ஒரு துளையும், கீழ்த்தொட்டியின் சுவரில் வெவ்வேறு உயரத்தில் இரண்டு மூன்று துளைகளும் இருக்கும். தெளிந்த நீரை மேலிருந்து கீழாகப் படிப்படியாக வடிக்க அவை தேவை. வெறும் தண்ணீர்த் தொட்டிக்கு இப்படித் துளை வைக்கக் காரணமே இல்லை. ஜெர்மனியிலிருந்து 1897இல் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்ததும் இந்தத் தொழில் சரிந்தது. அத்தகைய ஜோடித் தொட்டி ஒன்று தோட்டத்தில் இருந்தால், அதன் மதிப்பு சிற்பம் செதுக்கிய கதவைவிட அதிகம் என்பதே எங்கள் கணிப்பு. செதுக்கிய கதவுகள் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. அவுரித் தொட்டிகள் ஆண்டுக்காண்டு இடிபடுகின்றன.

அவுரிக்குப் பிறகு மணிலா. வேர்க்கடலைக்கு இந்தப் பக்கம் இன்றும் அதுதான் பெயர். தென்னார்க்காட்டின் செம்மண் மணிலா, புதுச்சேரித் துறைமுகம் வழியாக மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879இல் ரயில் வந்ததும் அந்த ஏற்றுமதிக்கு வேகம் கூடியது. அதே ரயில் திரும்பி வரும்போது மங்களூர் ஓட்டையும் இரும்பு உத்திரத்தையும் கொண்டுவந்தது. நெல்லிக்குப்பம் சுற்றுவட்டாரத்தில் கரும்பு. வெல்லம் காய்ச்சிய கொட்டகையின் அடுப்புக்குழி சில பண்ணைகளில் மிச்சம் இருக்கும்.

இந்த அடுக்குகளைப் பொருள்களை வைத்தே பிரித்துப் படிக்கலாம். சக்கரத்தில் குழாயாக வனைந்து, நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து சுட்ட நாட்டு ஓடு பழைய பகுதி. மங்களூர் ஓடு என்றால் கழற்றித் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் ஆலையின் பெயரும் சில சமயம் ஆண்டும் அச்சாகியிருக்கும். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பின் மங்களூர் ஓட்டாலை 1865இல் தொடங்கியது. அந்த ஓடு இருக்கும் கூரை அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. வார்ப்பிரும்புத் தூண், வண்ணக் கண்ணாடி போன்றவை பெரும்பாலும் ரயில் காலம். சிமென்ட் தரை என்றால் இன்னும் பிந்தியது. இந்தியாவில் சிமென்ட் உற்பத்தி போர்பந்தரில் 1914இல்தான் நிலைபெற்றது. ஒரு எச்சரிக்கை: ஓடு மாறியிருக்கலாம், சுவர் பழசாக இருக்கலாம். ஆண்டைச் சொல்லும் பொருள் அந்தப் பகுதிக்கு மட்டும்தான் சாட்சி, வீடு முழுவதற்கும் இல்லை. ‘300 வருஷத்து வீடு’ என்று சொல்லப்படும் பல வீடுகள் இந்தச் சோதனையில் 120க்கும் 150க்கும் இடையில் வந்து நிற்கும். அதனால் மதிப்பு குறைந்துவிடாது. பொய் வயதுதான் மதிப்பைக் குறைக்கும்.

பத்தாயத்தைக் கணக்கிடுவது எல்லாவற்றையும்விட சுவாரசியமான வேலை. ஒரு பத்தாயம் உட்பக்கம் 6 அடி நீளம், 5 அடி அகலம், 7 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். 210 கன அடி, அதாவது ஏறக்குறைய 6 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு நெல் சுமார் 575 கிலோ பிடிக்கும். மொத்தம் 3.4 டன், 75 கிலோ மூட்டையில் 45. உர நெல்லுக்கு முந்திய காலத்தில் ஏக்கருக்கு முக்கால் டன் என்று எடுத்தால், ஒரு பத்தாயம் நிரம்ப நாலரை ஏக்கர் வேண்டும். அறையில் ஆறு பத்தாயம் இருந்த தடம் தரையில் தெரிந்தால், ஒரு போகத்தில் 27 ஏக்கர் விளைச்சல் அந்த வீட்டுக்குள் வந்திருக்கிறது. களத்திலேயே பிரிந்துபோன பங்கும் விதையும் இதில் சேராது. பத்தாயத்தை விற்றுவிட்டாலும் அதன் கால்கள் நின்ற கல்லின் அடையாளம் தரையில் இருக்கும். அதன் மேல் டைல்ஸ் ஒட்டிவிட்டால் இந்தக் கணக்கும் போச்சு.

காகிதம்

புதுச்சேரி, கடலூர் எல்லை நேர்கோடு இல்லை. பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு பக்கம் வரைபடத்தைப் பார்த்தால் துண்டுத் துணி தைத்த மாதிரி இருக்கும். ஒரே குடும்பத்துக்கு இரண்டு ஆட்சியிலும் நிலம் இருந்த பண்ணைகள் உண்டு. அதனால் ஆவணமும் இரண்டு வகை. கடலூர்ப் பக்கம் ‘அ’ பதிவேடு, அடங்கல், சிட்டா, புல வரைபடம், ஏக்கர், சென்ட். புதுச்சேரிப் பக்கம் நோத்தேர் என்னும் பத்திர அதிகாரி முன்னிலையில் பிரெஞ்சில் எழுதிய பத்திரங்கள், எக்டேர், ஆர், சென்டியார் (ஒரு சதுர மீட்டர்) அளவு. ஊர் வாயில் இரண்டு பக்கமும் குழி. ஒரு குழி 24 அடிக்கு 24 அடி, 576 சதுர அடி. 100 குழி ஒரு காணி, 1.32 ஏக்கர். ஆவணத்தில் பிரெஞ்சு அளவு இருந்தால் ஒரு குழி 53.5 சென்டியார் என்று மாற்றிப் பொருத்திப் பார்க்கலாம்.

பழைய பத்திரத்தின் எல்லை விவரம்தான் அழிந்துபோன பண்ணையைத் திரும்பக் கட்டிக்காட்டும். ‘களத்துக்கு மேற்கு, வண்டிப் பாட்டைக்கு வடக்கு, ஏற்றக் கிணற்றுக்குக் கிழக்கு’ என்று எழுதியிருந்தால், இன்று அங்கே ஒன்றுமே இல்லாவிட்டாலும் எது எங்கே இருந்தது என்று குறித்துவிடலாம். பண்ணை எப்போது சுருங்கியது என்பதும் காகிதத்தில் தெரியும். தமிழ்நாட்டில் 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று வைத்தது, 1970இல் அது 15 ஆனது. புதுச்சேரிக்குத் தனியாக 1973ஆம் ஆண்டுச் சட்டம். இந்த ஆண்டுகளை ஒட்டி ஒரே வீட்டில் கொத்தாகப் பாகப்பிரிவினைப் பத்திரங்கள் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். கணக்கு நோட்டு, கூலிப் பட்டியல், மணிலா மண்டி ரசீது, ஓலைச்சுவடி எதையும் பழைய பேப்பர்காரரிடம் போடக் கூடாது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி 100 ஆண்டு கடந்த கலைப்பொருளும், வரலாற்று மதிப்புள்ள 75 ஆண்டு கடந்த கையெழுத்து ஆவணங்களும் தொல்பொருளாகக் கருதப்படும்; அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்பினால் குற்றம்.

கட்டடப் பாதுகாப்புத் துறையில் பரவலாகப் பயன்படும் ஆஸ்திரேலியாவின் புர்ரா சாசனம் 1979இல் வந்தது, 2013இல் கடைசியாகத் திருத்தினார்கள். அழகியல், வரலாறு, அறிவியல், சமூகம், ஆன்மிகம் என்று ஓர் இடத்தின் மதிப்பை அது பிரித்துப் பார்க்கும். இந்தப் பிரிப்பு நம் பண்ணைக்கும் பொருந்தும். குலதெய்வத்துக்குப் படையல் போடும் மூலை எந்தக் கலை மதிப்பும் இல்லாத வெறும் செங்கல் மாடமாக இருந்தாலும் அதற்கு இடம் கிடைக்கும். பன்னாட்டு நினைவுச்சின்ன மன்றத்தின் பொதுப்பேரவை 2017இல் டெல்லியில் கூடியபோது, ஊரக நிலக்காட்சியையே பாரம்பரியமாகக் கருதும் கோட்பாடுகளை ஏற்றது. வயல், வாய்க்கால், வரப்பு, விதை, வேலை முறை எல்லாம் அதில் சேர்த்தி. நம் ஊர்ப் பேச்சு மட்டும் இன்னும் தூணிலேயே நிற்கிறது.

சுவர் ஏன் பொரிகிறது

மதிப்பைப் பேசிவிட்டுக் கட்டடத்தைத் தவறாகப் பழுதுபார்த்தால் எல்லாம் வீண். இந்தப் பகுதியில் பண்ணை வீடுகளைக் கெடுப்பது பெரும்பாலும் வயதல்ல, நல்லெண்ணத்தோடு பூசிய சிமென்ட்.

பழைய சுவர் மெல்லிய செங்கல், சுண்ணாம்புச் சாந்து. அடியில் ஈரத்தடுப்பு எதுவும் கிடையாது. மண்ணிலிருந்து ஈரம் சுவரில் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே ஆறிவிடும். ஏறுவதும் ஆறுவதும் சமமாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. கீழே மூன்றடிக்கு இந்த ஈரம், அதாவது ஓதம், தெரிகிறது என்று கொத்தனார் அந்த மூன்றடிக்குச் சிமென்ட் பூசினால், ஈரம் வெளியே வர வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். அடுத்த மழைக்காலத்துக்குப் பிறகு ஐந்தடியில் உப்பு பூக்கும். ஐந்தடிக்கும் பூசினால் ஏழடி. இதற்கிடையில் உள்ளே உப்புப் படிகம் வளர்ந்து செங்கலை மாவாக்கிக்கொண்டிருக்கும். சிமென்ட் பூச்சைத் தட்டினால் டொக் டொக்கென்று வெற்று ஓசை வந்தால், பின்னால் செங்கல் உதிர்ந்துவிட்டது என்று பொருள். மேலே ஒட்டும் டைல்ஸ், பிளாஸ்டிக் பெயின்ட் இரண்டும் இதே கெடுதலைச் செய்யும்.

ஓதம் கூடியதற்கு முதல் காரணம் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே இருக்கும். தெருவைப் பெயர்க்காமல் அதன் மேலேயே தார்ச்சாலை போட்டுப் போட்டு, நான்கு படி ஏறிப் போன திண்ணை இன்று ஒரு படிக்கு வந்திருக்கும். மழைத்தண்ணீர் சுவரை நோக்கி வரும். பூச்சு வேலைக்கு முன்னால் சுவரை ஒட்டி வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பி, குளியலறைக் கழிவுநீரும் செப்டிக் டேங்கும் அஸ்திவாரத்தை விட்டுத் தள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிட வேண்டும்.

சரியான பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு நல்லது. கழிமுகமும் உப்பங்கழியும் உள்ள கடற்கரை என்பதால் இந்தப் பகுதியில் பழைய வேலை எல்லாம் பெரும்பாலும் அதில்தான். சுட்ட சுண்ணாம்பை நீரில் போட்டு நீற்றி, சலித்து, தண்ணீருக்கு அடியிலேயே குறைந்தது 15 நாள் வைக்க வேண்டும். மேல்பூச்சுக்கு மாதக்கணக்கில் வைத்தால் வெண்ணெய் போல வரும். அவசரப்பட்டால் நீறாத துகள் பூச்சுக்குள் போய்ப் பிறகு நீறும். சுவரில் அம்மைத் தழும்பு மாதிரி சிறு குழிகள் விழுவது அதனால்தான். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய ஆற்று மணல். கடல் மணல் ஆகவே ஆகாது. ஓதம் உள்ள இடத்தில் மணலில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டுச் செங்கல் தூள் சேர்த்தால் சாந்து ஈரத்திலும் இறுகும். கடுக்காயை இடித்து வெல்லத்தோடு சில நாள் ஊறவைத்த நீரைக் கலவைக்கு விடுவார்கள். ஒரு பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. கனம் வேண்டுமென்றால் இரண்டு தடவையாகப் பூச வேண்டும். சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும். அதனால் இரண்டு வாரம் ஈரச் சாக்கு தொங்கவிட்டு, நேர் வெயில் படாமல் வைத்திருக்க வேண்டும். சித்திரை வெயிலில் பூசினால் விரிசல் நிச்சயம்.

கூரைக்கு வருவோம். ஓட்டைத் தாங்கும் சாய்வுச் சட்டமான கைமரம் பெரும்பாலும் வைரம் பாய்ந்த பனை. நடுவில் அது கெடுவதில்லை, சுவருக்குள் போகும் முனையில்தான் கெடும். சுத்தியல் கைப்பிடியால் முனைப்பக்கம் தட்டினால் கணீரென்று இருக்க வேண்டும். மொத்தென்று கேட்டால் மெல்லிய ஸ்குரூடிரைவரை அழுத்திப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்த முனை போய்விட்டது. முழு மரத்தையும் மாற்ற வேண்டியதில்லை. கெட்ட முனையை வெட்டிவிட்டு இரண்டு பக்கமும் நல்ல மரத்துண்டு வைத்து போல்ட் போட்டு இணைக்கலாம், அல்லது சுவரை ஒட்டிக் கீழே ஒரு தாங்குமரம் கொடுக்கலாம். புதுப் பனை கிடைப்பதும் எளிதில்லை. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் அறிவித்திருக்கிறது. இடிக்கும் வீடுகளிலிருந்து வரும் பழைய பனஞ்சட்டம் நல்ல மாற்று.

முற்றத்தைச் சுற்றி நாலு கூரை சரியும் வீட்டில், இரண்டு சரிவு சேரும் உள்மூலைதான் எப்போதும் முதலில் ஒழுகும். அந்த மூலையில் ஓட்டுக்கு அடியில் இருக்கும் தகடு துருப்பிடித்து ஓட்டையானதும், இரண்டு சரிவிலிருந்தும் அங்கே சேரும் தண்ணீர் ஒரே மரத்தில் இறங்கும். ஆடி, ஆவணியில் ஓடு பிரித்து மாற்றும்போது அந்தத் தகட்டை மாற்றினாலே வீடு இன்னும் பல வருஷம் தள்ளும். இந்த வருடாந்தர வேலை நின்றுபோனதுதான் பல வீடுகள் விழக் காரணம். ஓடு மாற்றத் தெரிந்த ஆட்கள் குறைந்ததும், சொந்தக்காரர்கள் சென்னையிலோ பாரிஸிலோ இருப்பதும் சேர்ந்துகொள்கின்றன.

மெத்தைப் பகுதி மெட்ராஸ் டெரஸாக இருக்கும். மரச் சட்டத்தின் மேல் ஒரு அங்குலக் கனமுள்ள சிறு செங்கலைச் செங்குத்தாக, மூலைவாட்டில் சுண்ணாம்பில் பதித்து, அதன் மேல் மூன்று அங்குலம் செங்கல் ஜல்லிக் காரை போட்டு நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். இது ஒழுகினால் தட்டோட்டின் இடைவெளியைச் சுண்ணாம்பால் அடைப்பதுதான் மருந்து. ஓட்டுக்கூரைப் பகுதியையும் சேர்த்து ‘எல்லாத்தையும் எடுத்துட்டு கான்கிரீட் போட்டுடலாம் சார்’ என்ற யோசனை எளிதில் வரும். 5 அங்குலக் கான்கிரீட் தளம் ஒரு சதுரத்துக்கு, அதாவது 100 சதுர அடிக்கு, ஏறக்குறைய 3 டன். ஓட்டுக்கூரை மட்டுமே தாங்கிய சுண்ணாம்புச் சுவர் மீது அதை ஏற்றினால், மூலைகளில் மேலிருந்து கீழாக விரிசல் இறங்கும். முற்றத்துக்கு மேல் பாலிகார்பனேட் தகடு போட்டு மூடுவதும் இதே வகை. சூடு வெளியேறும் ஒரே வழியை அடைத்துவிட்டு ஏசி தேடுவது. பாதுகாப்புக்கு இரும்புக் கம்பிவலை போதும்.

புயலையும் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பண்ணையைச் சுற்றி இருந்த பழைய தோப்பு கூரைக்குக் காற்றுத்தடுப்பாகவும் இருந்தது. தோப்பு போன பிறகு ஓட்டுக்கூரையின் வெளியே நீளும் விளிம்பான இறவானம் தனியாகக் காற்றைத் தாங்க வேண்டியிருக்கிறது. இறவான ஓரத்து மூன்று வரிசை ஓட்டையும் முகட்டு ஓட்டையும் சுண்ணாம்புச் சாந்தில் பதிப்பது, கைமர முனையைச் சுவர்ப்பலகையோடு இரும்புப் பட்டையால் கட்டுவது ஆகிய இரண்டும் செலவு குறைந்த காப்பு. வேம்பு, இலுப்பை, பனையை மறுபடி நடுவதும் கட்டடப் பராமரிப்பில் சேர்ந்ததுதான். களத்தின் காற்றுப் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு. சுவர் இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றை விரல் கனத்திலேயே வேரோடு பிடுங்கிவிட வேண்டும். மேலே வெட்டிவிட்டுப் பூசினால் வேர் உள்ளே தடித்துச் சுவரைப் பிளக்கும்.

இடிவதற்குள் பதிவு

காப்பாற்ற முடியாத வீட்டையும் பதிவு செய்ய முடியும். இரண்டு பேர், மூன்று நாள், 30 மீட்டர் டேப், தூக்குக்குண்டு, மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் போதும். முதலில் கட்டடத்தை விட்டுவிட்டு மொத்த வளாகத்தையும் ஒரே தாளில் வரையுங்கள்: தெரு, வீடு, கிணறு, தொழுவம், களம், வாய்க்கால், மரங்கள், பாதை. கிணற்றை ஒட்டி ஒரு பக்கம் மட்டும் மண் சரிவாக இறங்கியிருந்தால் அது கவலை ஓட்டிய மாடு இறங்கிய பாதை. அதன் நீளம் ஏறக்குறைய கிணற்றின் ஆழத்தைச் சொல்லும். பிறகு ஒவ்வொரு அறையிலும் நான்கு சுவரோடு மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுக்க வேண்டும். பழைய அறைகள் சரிசதுரமாக இருப்பதில்லை. குறுக்களவு இல்லாவிட்டால் வரைபடம் ஒட்டாது. டியூப் லெவலால் வீடு முழுக்க ஒரே மட்டத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, அதிலிருந்து தரையும் கூரையும் அளந்தால் எந்தப் பக்கம் வீடு இறங்கியிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். புகைப்படத்தில் அளவுகோல் இருக்க வேண்டும், எந்த அறை, எந்தத் திசை என்று எழுத வேண்டும். பொருள்களை எடுக்கும் முன் இருந்த இடத்திலேயே படமெடுங்கள். மூலையில் கிடக்கும் உரலும் மரக்காலும் காட்சிக்கு அடுக்கிய பிறகு பாதி அர்த்தத்தை இழந்துவிடும்.

சட்டம் இந்த வீடுகளை அதிகம் தொடுவதில்லை. மத்தியத் தொல்லியல் சட்டம் 1958ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 100 ஆண்டு கடந்த சின்னங்களை அறிவிக்கலாம், ஆனால் குடியிருக்கும் ஊரக வீடு அந்தப் பட்டியலுக்குப் போவது அபூர்வம். தமிழ்நாட்டில் பாரம்பரிய ஆணையத்துக்கென 2012இல் சட்டம் வந்தது. புதுச்சேரியில் பேச்சும் பணமும் பெரும்பாலும் புல்வார் நகருக்குள், அதாவது பழைய நகரப் பகுதிக்குள். பாகூர் ஏரிப் பாசனத்தில் ஒரு களம் காணாமல் போனால் யாருக்கும் நோட்டீஸ் போகாது.

அதனால் நடைமுறையில் பண்ணையைக் காப்பதோ கலைப்பதோ குடும்பத்தின் பாகப்பிரிவினைப் பத்திரம்தான். வீட்டை நீளவாட்டில் மூன்றாக வெட்டி, முற்றத்தின் நடுவே சுவர் எழுப்பி, களத்தைப் பங்குக்கு இத்தனை குழி என்று பிரித்தால் ஐந்து வருஷத்தில் மூன்று மனைகள். சில பழைய பத்திரங்கள் வேறு மாதிரி எழுதியிருக்கும். அறைகள் தனித்தனி, முற்றம், கிணறு, களம் மூன்றும் பொது அனுபவம். களத்தின் நாலுபக்க எல்லை, நீளம் அகலம், அதற்குப் போகும் வண்டிப் பாட்டை எட்டு முழ அகலம், கிணற்றில் ஆளுக்கு எந்த நாள் முறை, தூர் எடுக்கும் செலவு யாருக்கு எவ்வளவு என்பதுவரை வரி வரியாக இருக்கும். புதிதாகப் பத்திரம் எழுதும் குடும்பங்கள் அந்த வரிகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முழத்தை மட்டும் மீட்டராக மாற்றி, புல வரைபடத்தில் களத்துக்குத் தனி உட்பிரிவு எண் கேட்டு வாங்கிச் சேர்த்துவிட வேண்டும்.